கேஸ் டார்ச்: இரண்டு வாயுக்கள் சந்திக்க வேண்டிய ஒரே இடம்

இரும்பை வெட்டவும் பற்றவைக்கவும் (வெல்டிங் செய்யவும்) கேஸ் டார்ச் ஒன்றை முதன்முதலாக வாங்கப் போகிறவர், கடையில் பெரும்பாலும் விலையைத்தான் கேட்பார். அடுத்ததாக, எந்தக் கம்பெனிப் பொருள் நீடித்து உழைக்கும் என்று கேட்பார். அந்தக் கேள்விகளில் தவறில்லை. ஆனால், டார்ச் என்ன வேலை செய்கிறது என்பதை மனத்தில் தெளிவாக வாங்கிக்கொள்ளாமல் அதைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, பத்திரமாகக் கையாளவும் முடியாது. அதன் வேலை ஒன்றே ஒன்று: எரியும் வாயுவையும் ஆக்சிஜனையும், நாம் நினைத்த அளவில், நாம் நினைத்த இடத்தில் மட்டும் ஒன்று சேர்ப்பது. சிலிண்டருக்குள்ளோ, ரெகுலேட்டருக்குள்ளோ, ஹோஸுக்குள்ளோ, பட்டறையின் மூலையிலோ அவை இரண்டும் சந்தித்துவிடக் கூடாது. இடது மரை, சிவப்பு ஹோஸ், சோப்பு நுரை, வால்வைத் திறக்கும் வரிசை என்று இந்தத் தொழிலில் சொல்லிக்கொடுக்கப்படும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தேவையிலிருந்தே வந்தவை. காரணத்தோடு சேர்த்துக் கற்ற விதி எளிதில் மறக்காது என்பதால், இக்கட்டுரையில் விதிகளைக் காரணங்களோடு சேர்த்தே சொல்ல முயல்கிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன

நம் ஊர்ப் பட்டறைகளில் இரண்டு எரிவாயுக்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று அசிட்டிலீன், பட்டறைப் பேச்சில் இதை 'டிஏ கேஸ்' என்பார்கள். மற்றொன்று எல்பிஜி. இவற்றில் எதை எடுத்தாலும் கூடவே ஆக்சிஜன் வேண்டும். இந்தியாவில் தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு நிறத்திலும், அசிட்டிலீன் சிலிண்டர் அரக்குச் சிவப்பு நிறத்திலும் இருக்கும். பழைய சிலிண்டர்களில் வண்ணம் உரிந்தும் மங்கியும் போயிருக்கும் என்பதால், நிறத்தோடு அதன் மீது எழுதியிருப்பதையும் படித்துவிட்டே இணைக்க வேண்டும்.

அசிட்டிலீன் மற்ற வாயுக்களைப் போன்றதன்று. அதைத் தனியாக அடைத்து அழுத்தினால், காற்றோ ஆக்சிஜனோ ஒரு துளியும் இல்லாமலேயே, அது தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடியது. ஹோஸிலும் குழாயிலும் வரும் அசிட்டிலீனின் அழுத்தம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது (பட்டறையில் 'கிலோ' என்று சொல்லப்படுவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்னும் அழுத்தக் கணக்கு). அப்படியானால் சிலிண்டரில் ஏறக்குறைய 15 கிலோ அழுத்தத்தில் அதை எப்படி அடைக்கிறார்கள்? அந்தச் சிலிண்டர் வெற்றுக் கலம் அன்று. அதன் உட்புறம் முழுவதும் நுண்துளைகள் கொண்ட ஒரு திடப்பொருளால் நிரப்பப்பட்டு, அந்தத் துளைகளில் அசிட்டோன் என்னும் திரவம் ஊறியிருக்கும். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் அசிட்டோன் ஏறக்குறைய 25 லிட்டர் அசிட்டிலீனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூடக் கரையும் அளவும் கூடும். சர்க்கரை தண்ணீரில் கரைவதைப் போல வாயு திரவத்தில் கரைந்து, சிறு சிறு துளைகளில் பிரிந்து அடங்கியிருப்பதால் அது சிதைவதற்கு வழியில்லாமல் போகிறது. இந்தத் துளைப்பொருளை மேம்படுத்தியவர்களில் முதன்மையானவர் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டாலேன். 1912-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவர், அதே ஆண்டில் அசிட்டிலீன் சோதனை ஒன்றில் நேர்ந்த வெடிப்பில் கண்பார்வையை இழந்தார். அந்த வாயுவை அவரைவிட நன்கு அறிந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அசிட்டிலீன் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் அந்த அசிட்டோன்தான். படுக்க வைத்தால் வாயுவோடு திரவமும் வெளியே வந்து, ரெகுலேட்டரையும் ஹோஸையும் கெடுக்கும். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த சிலிண்டரை இறக்கியவுடன் இணைக்காமல், சில மணி நேரமாவது நிமிர்த்தி வைத்திருந்து, பிறகு பயன்படுத்துவது நல்லது. இதே காரணத்தால், ஒரு சிலிண்டரில் உள்ள வாயுவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் இழுக்கக் கூடாது என்று பழைய நடைமுறை ஒன்று உண்டு. தொடர்ச்சியாக எரிக்கும் வேலைக்கு அதிலும் பாதியளவே எடுக்க வேண்டும் என்று இன்று சொல்கிறார்கள். பெரிய சூடேற்றும் நாசில் (டார்ச்சின் நுனியில் வாயு வெளிவரும் துண்டு) ஒன்றைச் சிறிய சிலிண்டரில் மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

எல்பிஜி இந்த வகையில் சாதுவானது. ஆனால் அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, குழியிலும் சாக்கடையிலும் பள்ளமான மூலையிலும் தேங்கி நிற்கும். தரை மட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் எல்பிஜி சிலிண்டரை வைப்பது ஆபத்து என்பது இதனால்தான். அசிட்டிலீன் காற்றைவிடச் சற்று இலேசானது என்றாலும், காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். 80 சதவீதம் கலந்திருந்தாலும் எரியும். எல்பிஜியின் எல்லை ஏறக்குறைய 2 முதல் 9.5 சதவீதம் வரைதான். அசிட்டிலீன் கசிவு எந்த அளவில் இருந்தாலும் ஆபத்தாகவே கருத வேண்டும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இரும்பை வெட்டுவது என்றால் அதை எரிப்பது

கேஸ் கட்டிங் என்பது சுடரால் இரும்பை உருக்கிப் பிளப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இரும்பு எரிகிறது. கட்டிங் நாசிலின் முகப்பைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் ஒரு துளையும் அதைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகளும் தெரியும். சுற்றியுள்ள துளைகளில் எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து எரிந்து, தகட்டின் விளிம்பைச் சூடாக்குகின்றன. விளிம்பு ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸை எட்டிச் செக்கச் சிவந்ததும், கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால், நடுத்துளை வழியாகத் தூய ஆக்சிஜன் வேகமாகப் பாய்கிறது. அந்தச் சூட்டில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து ஆக்சைடாகிறது. அந்த எரிதலே மேலும் வெப்பம் தருகிறது. இரும்பு உருகுவதற்கு 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் இரும்பின் ஆக்சைடு அதற்கும் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். ஆகவே உருகிய கசடை ஆக்சிஜனின் வேகம் ஊதித் தள்ளிவிட, சுத்தமான ஒரு பிளவு கிடைக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டையும் அலுமினியத்தையும் ஏன் கேஸில் வெட்ட முடிவதில்லை என்பது தானே விளங்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படியும் ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். எஸ்.எஸ்.-இல் உள்ள குரோமியத்தின் ஆக்சைடும் அப்படிப்பட்டதே. உலோகம் உருகி ஓடினாலும் மேல் தோல் விலகாது. 'பிரஷர் பத்தவில்லை' என்று ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே போவதால் பயன் இல்லை. கையில் இருக்கும் உலோகம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெட்டிய விளிம்பும் பேசும். வெட்டு முகத்தில் மெல்லிய கோடுகள் நேராக, நெருக்கமாக, ஒரே சீராக இறங்கி, மேல் விளிம்பு கூர்மையாக இருந்தால் எல்லாம் சரி. கோடுகள் பின்னோக்கி வளைந்திருந்தால் கை வேகமாகப் போயிருக்கிறது. மேல் விளிம்பு உருகி உருண்டிருந்தால் கை மிகவும் மெதுவாகப் போயிருக்கிறது, அல்லது சூடாக்கும் சுடர் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது. தொடங்குகிறவர் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் தகடு ஆறியதும் அந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மாதத்தில் அவருக்கு வேறு ஆசிரியர் தேவைப்படாது.

எந்த டார்ச்சை வாங்குவது

முதலில் வேலையைத் தீர்மானிக்க வேண்டும். வெட்டுவதும் சூடாக்கி வளைப்பதும் மட்டுமே வேலை என்றால், எல்பிஜி போதும் என்பது என் கருத்து. ஆக்சிஜனோடு சேரும்போது அசிட்டிலீன் சுடர் 3,100 டிகிரியைத் தாண்டும். எல்பிஜி சுடர் 2,800 டிகிரி அளவில் நிற்கும். அதனால் எல்பிஜியில் விளிம்பு சிவக்கச் சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்கும்; ஆக்சிஜனும் கூடுதலாகச் செலவாகும். அப்படியிருந்தும் எரிவாயுவின் விலையும் கிடைக்கும் எளிமையும் அதற்குச் சாதகமாக இருப்பதால், பழைய இரும்புக் கடைகளிலும் கட்டுமான இடங்களிலும் அதுவே பரவலாகப் புழங்குகிறது.

இரும்பைப் பற்றவைப்பதற்கு எல்பிஜி உதவாது. அசிட்டிலீன் சுடரின் உட்கூம்பில் வெப்பம் ஒரு புள்ளியில் குவிகிறது. அதைச் சுற்றியுள்ள வாயு, இணைப்பில் உருகித் தேங்கும் உலோகக் குட்டையைக் காற்றிலிருந்து போர்த்திக் காக்கிறது. எல்பிஜி சுடரில் இந்த இரண்டும் கிடையாது. எல்பிஜியைக் கொண்டு பித்தளை ராடு வைத்து ஒட்டலாம், செம்புக் குழாய்களை இணைக்கலாம், எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல் எனப்படும் சாதாரண இரும்பு) தகட்டை உருக்கி இணைக்க அசிட்டிலீனே வேண்டும். அதுவும் இன்றைக்கு மெல்லிய தகடு, சிறிய குழாய், பழுது பார்ப்பு ஆகியவற்றுக்கே கேஸ் வெல்டிங் பொருத்தமானது. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகட்டை இணைக்கும் வேலைதான் அதிகம் என்றால், ஆர்க் வெல்டிங் மெஷின் வாங்குவதே முறையாகும்.

அடுத்ததாக, டார்ச்சின் உள்ளமைப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜெக்டர் வகையில், ஆக்சிஜன் வேகமாகப் பாய்ந்து எரிவாயுவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். குறைந்த அழுத்த எரிவாயுவுக்கு இது ஏற்றது. சம அழுத்த வகையில், இரண்டு வாயுக்களும் தம் தம் அழுத்தத்திலேயே வந்து கலக்கும். வெட்டும் டார்ச்சுகளில், கலப்பு நாசிலுக்குள்ளேயே நடக்கும் வகை ஒன்றும் உண்டு. கலந்த வாயு டார்ச்சின் உடலில் தங்குவதே இல்லை என்பதால், சுடர் பின்வாங்கினாலும் அது போகக்கூடிய தொலைவு மிகக் குறைவு. புதிதாகக் கட்டர் வாங்குகிறவருக்கு இந்த வகையையே நான் பரிந்துரைப்பேன்.

பழைய இன்ஜெக்டர் டார்ச்சை வாங்க நேர்ந்தால் ஒரு சிறு சோதனை இருக்கிறது. எரிவாயு ஹோஸைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜனை மட்டும் இணைத்து, அருகில் எந்த நெருப்பும் இல்லாத இடத்தில் டார்ச்சின் இரண்டு வால்வுகளையும் திறந்து, எரிவாயு நுழையும் வாயில் கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலை உள்ளே இழுப்பது தெரிந்தால் இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது. இழுப்பதற்கு மாறாக விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால், அந்த டார்ச்சில் ஆக்சிஜன் எரிவாயு ஹோஸுக்குள் புகும் என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்கக் கூடாது.

நாசில் விஷயத்தில்தான் தவறுகள் மிகுதி. அசிட்டிலீனுக்கான கட்டிங் நாசில் பெரும்பாலும் ஒரே துண்டாக, முகப்பு தட்டையாக இருக்கும். எல்பிஜி நாசில் இரண்டு துண்டுகளாக, உள்துண்டு சற்றே உள்வாங்கியிருக்கும். மெதுவாக எரியும் எல்பிஜி சுடர் அந்தக் குழிவில்தான் நிலைகொள்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றி மாட்டினால், சுடர் நில்லாமல் அணைந்துகொண்டே இருக்கும், அல்லது படபடவென்று வெடித்துப் பின்வாங்கும். அளவைப் பொறுத்தவரை, நம் கடைகளில் நாசில்கள் இன்னும் அங்குலப் பின்னத்திலேயே கேட்டு வாங்கப்படுகின்றன. அசிட்டிலீன் கட்டிங் நாசிலில் 1/32 அங்குலம் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையும், 3/64 அங்குலம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் வரையும், 1/16 அங்குலம் 75 மில்லிமீட்டர் வரையும் வெட்டும். 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஆக்சிஜன் சுமார் 2 கிலோவும், 25 மில்லிமீட்டருக்கு 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் போதும். அசிட்டிலீன் இரண்டுக்குமே 0.15 முதல் 0.2 கிலோ அளவில் இருந்தால் சரியாக இருக்கும். இவை தோராயமான எண்கள். நாசிலோடு வரும் அட்டவணையில் உள்ளதே அந்த நாசிலுக்குரிய இறுதிக் கணக்கு.

பெரிய நாசிலை மாட்டிக்கொண்டு வால்வைக் குறைத்து வைத்தால் எல்லா வேலைக்கும் ஒன்றே போதும் என்று எண்ணுவது தவறு. துளையிலிருந்து வாயு வெளியேறும் வேகம் சுடர் உள்நோக்கி ஓடும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கும் வரைதான் சுடர் நாசிலுக்கு வெளியே நிற்கும். வாயுவைக் குறைத்தால் அந்த வேகமும் குறைந்து, சுடர் உள்ளே நுழைந்துவிடும். நாசில் துளை அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். அடைப்பை எடுக்க அதற்கென்று விற்கும் ஊசிக் கட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். கைக்குக் கிடைத்த கம்பியால் குத்தினால் துளை அகன்று, சுடர் கோணலாகும்.

ரெகுலேட்டரிலிருந்து டார்ச் வரை

நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டரில் ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் இருக்கும். அதை 2 அல்லது 3 கிலோவாகக் குறைத்துத் தருவது ரெகுலேட்டரின் வேலை. ஆக்சிஜன் இணைப்புகளில் மரை வலதுபுறமாகவும், எரிவாயு இணைப்புகளில் இடதுபுறமாகவும் வெட்டப்பட்டிருக்கும். எரிவாயு நட்டின் மூலைகளில் சிறு வெட்டுக் கீறலும் இருக்கும். இருட்டிலும் அவசரத்திலும்கூட ஒன்றை மற்றொன்றில் மாட்டிவிட முடியாதபடி செய்த ஏற்பாடு இது. மரை ஏறவில்லை என்றால் பெரிய ஸ்பேனரைத் தேடக் கூடாது. எதை எதில் மாட்டுகிறோம் என்று நின்று பார்க்க வேண்டும். ஹோஸில் ஆக்சிஜனுக்கு நீலமும், அசிட்டிலீனுக்குச் சிவப்பும், எல்பிஜிக்கு ஆரஞ்சும் உரிய நிறங்கள். வெடித்த ஹோஸைக் கட்டுக்கம்பியால் இறுக்கியும், நடுவில் செம்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகியும் ஒட்டுப்போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அசிட்டிலீன் பாதையில் செம்பு கூடவே கூடாது. செம்போடு அசிட்டிலீன் சேர்ந்து, இலேசான தட்டலுக்கே வெடிக்கும் ஒரு சேர்மத்தை உண்டாக்கும். செம்புக் குழாயை அசிட்டிலீன் சுடரால் பற்றவைப்பதில் இந்த ஆபத்து இல்லை. வாயு செல்லும் பாதைதான் செம்பில் இருக்கக் கூடாது.

இதோடு சேர்த்து வாங்க வேண்டியது ஃபிளாஷ் பேக் அரெஸ்டர். ஹோஸுக்குள் நுழைந்துவிட்ட சுடரைச் சிலிண்டரை எட்டவிடாமல் தடுப்பது இது. இரண்டு ரெகுலேட்டர்களிலும் ஒவ்வொன்று, டார்ச்சின் அருகில் ஒவ்வொன்று என்று நான்கு பொருத்துவது நல்லது. விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், டார்ச்சில் கொஞ்சம் குறைந்த விலைக்குப் போனாலும் இதைக் கைவிட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு அடுப்புக்கான 14.2 கிலோ சிலிண்டரையும் அதன் ரெகுலேட்டரையும் கட்டிங் வேலைக்குக் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு, வேலைக்கும் உதவாது. அடுப்பு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் மிகவும் குறைவு. அதைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரோடு நேராக ஹோஸை மாட்டுகிறவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும்.

மக்கள் அஞ்ச மறந்த வாயு

கேஸ் கசிந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். அசிட்டிலீனுக்குப் பூண்டு போன்ற வாடை உண்டு. எல்பிஜியிலும் வாடை சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆக்சிஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது எரியவும் எரியாது. மூச்சு விடும் வாயுதானே என்ற அலட்சியம் இதனால் வந்துவிடுகிறது. காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 24 சதவீதத்தைத் தாண்டினாலே, பருத்தித் துணியும் தலைமுடியும் பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் தீ அணைக்க முடியாத வேகத்தில் பரவும்.

நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு கோடை நாளில், உதவிக்கு வந்திருந்த பையன் ஒருவன் வெக்கை தாங்காமல் ஆக்சிஜன் ஹோஸைச் சட்டைக்குள் விட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஓடிவந்து வால்வை மூடினார். அவனைத் திட்டவில்லை. வெளியே கூட்டிப் போய், சட்டையைக் கழற்றி உதறச் சொல்லி, கால் மணி நேரம் வெட்டவெளியில் நிறுத்தினார். "தம்பி, கேஸ் வாடை அடிச்சா ஓடுற. இதுக்கு வாடையே கிடையாது. துணிக்குள்ள அப்படியே தங்கி நிக்கும். ஒரு பொறி போதும்" என்றார். துணியின் இழைகளில் ஆக்சிஜன் தங்கியிருக்கும் என்பதையும், திறந்த காற்றில் பதினைந்து நிமிடமாவது நின்ற பிறகே நெருப்பருகே போகலாம் என்பதையும் நான் அன்றுதான் அறிந்தேன்.

எண்ணெயும் கிரீஸும் இதே வகையில் ஆபத்தானவை. உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால், தீப்பொறி இல்லாமலேயே கிரீஸ் பற்றி எரியக்கூடும். இறுகிப்போன ரெகுலேட்டர் நட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவது, பைக் செயினுக்கு எண்ணெய் விடும் கைகளுக்கு இயல்பாக வந்துவிடும். ஆக்சிஜன் பக்கத்தில் அந்த ஒரு சொட்டும் கூடாது. கிரீஸ் படிந்த கையுறையோடு அதைத் தொடவும் கூடாது.

சுடரைப் பற்ற வைக்கும் முறை

இரண்டு சிலிண்டர்களையும் நிமிர்த்தி, சங்கிலியால் கட்ட வேண்டும். ரெகுலேட்டரை மாட்டுவதற்கு முன், ஆக்சிஜன் வால்வை ஒரு கணம் சற்றே திறந்து மூடினால், வாயிலிருக்கும் தூசு பறந்துவிடும். ரெகுலேட்டரை மாட்டியதும் அதன் அழுத்தத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அழுத்தம் காட்டும் கடிகாரத்தின் முகத்துக்கு நேராக நில்லாமல் பக்கவாட்டில் நின்று, வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். 150 கிலோ அழுத்தம் ஒரே வீச்சில் பாய்ந்தால், ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் காற்று அழுந்திச் சூடேறி, அங்குள்ள சிறு அழுக்கையும் பற்ற வைத்துவிடும். ஆக்சிஜன் வால்வை மெதுவாக முழுவதும் திறக்கலாம். அசிட்டிலீன் வால்வை முக்கால் சுற்றுத் திறந்தால் போதும். ஒன்றரைச் சுற்றுக்கு மேல் எக்காரணம் கொண்டும் வேண்டாம். சாவியை வால்விலேயே விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் ஆபத்து நேரத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பிறகு இணைப்புகள் எல்லாவற்றிலும் எண்ணெய் கலவாத சோப்பு நுரையைத் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அசிட்டிலீன் இணைப்பில் ஊசிமுனைக் கசிவு இருந்தால், நுரை ஒரு மிளகு அளவுக்கு மெல்ல ஊதிப் பெருத்து உடையும். அதைப் பார்க்க ஒரு நிமிடப் பொறுமை வேண்டும். தீக்குச்சியைக் காட்டிக் கசிவு தேடுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்றுதான் எண்ணுகிறேன்.

ஒவ்வொரு ஹோஸிலும் அதற்குரிய வாயுவை மட்டும் சில வினாடிகள் தனித்தனியே ஓடவிட்டு, உள்ளே கலந்து கிடப்பது எதுவானாலும் வெளியேறச் செய்த பிறகே பற்ற வைக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால் நேரும் விபத்துகள் ஏராளம். முதலில் அசிட்டிலீன் வால்வைச் சிறிது திறந்து, உரசிப் பொறி உண்டாக்கும் லைட்டரை நாசிலுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பற்ற வைக்க வேண்டும். பீடி பற்ற வைக்கும் பிளாஸ்டிக் லைட்டர் வேண்டாம். அது சட்டைப் பையிலும் இருக்க வேண்டாம். மஞ்சளாக எழும் சுடரின் நுனியிலிருந்து கரி இழைகள் சிலந்தி நூல் போல மிதந்து பறக்கும். அசிட்டிலீனைச் சற்றுக் கூட்டினால் அந்தக் கரி மறையும். அப்போது ஆக்சிஜனை மெல்லத் திறந்தால், மஞ்சள் ஒடுங்கி நீலமாகும். நாசிலை ஒட்டி ஒரு வெண்ணிறக் கூம்பும் அதற்கு முன்னால் மங்கலான ஓர் இறகும் தோன்றும். அசிட்டிலீன் மிகுந்திருப்பதைக் காட்டும் சுடர் இது. ஆக்சிஜனை இன்னும் இம்மியளவு கூட்டினால், அந்த இறகு சுருங்கிக் கூம்போடு ஒன்றாகிவிடும். இறகு மறையும் அந்த நொடியில் நிறுத்தினால் கிடைப்பது நடுநிலைச் சுடர், எம்.எஸ். தகட்டைப் பற்றவைக்க இதுவே வேண்டும். அதற்கு மேலும் ஆக்சிஜன் போனால், கூம்பு குறுகிக் கூர்மையாகி, சுடர் இரைச்சலிடும். பித்தளை வேலைக்கு அது உதவும். இரும்பில் குட்டையை நுரைக்க வைத்துப் பற்றவைப்பைக் கெடுக்கும்.

'படார்' என்ற ஒலியோடு சுடர் அணைந்தால் அது பேக் ஃபயர். நாசில் தகட்டைத் தொட்டிருக்கலாம், மிகவும் சூடேறியிருக்கலாம், அல்லது வாயு குறைந்திருக்கலாம். வால்வுகளை மூடிக் காரணத்தைச் சரிசெய்த பிறகு மீண்டும் பற்ற வைக்கலாம். சுடர் மறைந்தும் டார்ச்சுக்குள் 'உய்' என்ற கூர்மையான ஒலி தொடர்ந்தாலும், கறும்புகை வந்தாலும், கைப்பிடி சூடானாலும், சுடர் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே டார்ச்சிலுள்ள ஆக்சிஜன் வால்வை முதலில் மூட வேண்டும். உள்ளே எரியும் தீக்கு உணவூட்டுவது அதுதான். அடுத்து எரிவாயு வால்வையும், பிறகு சிலிண்டர் வால்வுகளையும் மூட வேண்டும். ஹோஸையும் அரெஸ்டரையும் சோதிக்காமல் மறுபடி வேலையைத் தொடங்கக் கூடாது. அசிட்டிலீன் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால், உள்ளே வாயு சிதையத் தொடங்கியிருக்கக்கூடும். அதை நகர்த்த முயலாமல், எல்லோரையும் வெகுதூரம் விலக்கிவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-இல் அழைக்க வேண்டும்.

வேலை செய்யும் இடம்

கண்ணுக்கு 5-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பெரும்பாலான வெட்டு வேலைக்கும் மெல்லிய வெல்டிங்குக்கும் பொருந்தும். சாதாரண வெயில் கண்ணாடி எந்த வகையிலும் ஈடாகாது. நைலான், பாலியெஸ்டர் உடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியான பருத்தி உடையும், தோல் கையுறையும், கணுக்காலை மூடும் ஷூவும் வேண்டும். பேண்டின் அடிமடிப்பைப் பிரித்துவிட வேண்டும். பொறி விழுந்து தங்கும் இடம் அது. ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு) குழாயை வெட்டும்போது எழும் வெண்புகை துத்தநாகத்தினுடையது. அதை மூச்சில் இழுத்தால் அன்றிரவு குளிர்க்காய்ச்சல் வரும். காற்றோட்டமான இடத்தில், பூச்சைச் சுரண்டிவிட்டு வெட்டுவதே நல்லது. சிமென்ட் தரையின் மேல் நேரடியாகத் தகட்டை வைத்து வெட்டினால், தரையின் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுகளைத் தெறிக்க வைக்கும்.

நம் ஊரில் அடிக்கடி உயிரைப் பறிப்பது பழைய டிரம். டீசலோ, தின்னரோ, பெயிண்டோ இருந்த டிரம் காலியாகத் தெரியலாம். அதன் மடிப்புகளிலும் துருவிலும் ஊறிக் கிடக்கும் மிச்சம், சுடரின் சூட்டில் ஆவியாகி உள்ளே நிறைந்துகொள்ளும். நிறைந்திருக்கும் டிரம்மைவிடக் காலி டிரம் ஆபத்தானது, ஏனெனில் ஆவி காற்றோடு கலக்க அங்கேதான் இடம் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்தாலும், ஒரு முறை தண்ணீர் விட்டு அலசினாலும் அது பத்திரமாகிவிடாது. பைக்கின் பெட்ரோல் டேங்கை ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்டு வருபவரிடம், முடியாது என்று சொல்ல முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் டார்ச் வால்வுகளை மூடும் வரிசையில் இரண்டு நடைமுறைகள் உள்ளன. உங்கள் டார்ச்சின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். அதன் பிறகு சிலிண்டர் வால்வுகளை மூடி, ஹோஸில் மிஞ்சியதை ஒவ்வொன்றாக வெளியேற்றி, கடிகார முட்கள் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்து, ரெகுலேட்டர் திருகுகளைத் தளர்த்த வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை எரிவாயுச் சிலிண்டரிலிருந்து 6 மீட்டர் தள்ளியோ, இடையில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தீ தாங்கும் சுவர் இருக்கும்படியோ இருப்பு வைப்பது நல்ல முறை. வெட்டும்போது பறக்கும் பொறி பத்து மீட்டருக்கு மேலும் போகும். சாக்குக் குவியலிலோ மரத்தூளிலோ விழுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருந்து, ஆள் போன பிறகு எரியும். ஆகவே கடைசி வெட்டுக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், ஒருவர் அங்கேயே இருந்து, மூலைகளையும் தகட்டின் அடியையும் பார்த்துவிட்டே கதவைப் பூட்ட வேண்டும்.